பதினேழு நல்ல பீசுகள்

"ஒண்ணுமில்லம்மா, நீ போ" என்றாள் சிந்துஜா, சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, திரும்பாமல். அந்த "நீ போ" என்பதில் கோபம் இருந்ததா களைப்பு இருந்ததா என்று கம்பெனி வண்டியில் ஏறியதிலிருந்து பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோபமென்றால் பரவாயில்லை, கோபப்பட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளாக நான் இருந்துவிட்டுப் போகிறேன். களைப்பென்றால்தான் பயம். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குக் காலை ஏழரை மணிக்கு எங்கிருந்து வரும் அவ்வளவு களைப்பு. இன்றோடு ஒன்பது நாளாகக் காலேஜுக்குப் போகவில்லை. முதல் நாள் தலைவலி என்றாள், அடுத்த நாள் வயிற்றுவலி, மூன்றாம் நாளிலிருந்து காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். ரெக்கார்டு நோட்டை இன்றைக்கு ஒரு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம், கொடுக்காவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு உட்கார விடமாட்டார்களாம். இதையும் அவள் சொல்லவில்லை, கூடப் படிக்கிற பெண் எனக்குப் போன் செய்து சொன்னது. நோட்டு எழுதாமலும் இல்லை. மூன்று தடவை எழுதினாள். படம் கோணலாகிவிட்டது என்று பக்கத்தைக் கிழித்தாள், பக்கம் கிழிந்த நோட்டைக் கொடுக்கக் கூடாது என்று நோட்டையே மாற்றினாள், மூன்றாவது நோட்டில் ஒரு செம்பருத்திப் பூவை நெடுக வெட்டினால் உள்ளே எப்படி இருக்குமோ அப்படி வரைந்து, பாதிக்குப் பெயர் எழுதி, பாதியில் மூடிவைத்தாள். மூடிவைத்துவிட்டுப் படுத்தவள்தான். ரெக்கார்டு போனால் போகட்டும், ஒரு வருஷம் போனால் போகட்டும், அதெல்லாம் எனக்கு இப்போது ஒன்றுமில்லை. சுவரைப் பார்த்து அப்படிப் படுப்பது என்னவென்று எனக்குத் தெரியும். நானும் படுத்திருக்கிறேன். அதனால்தான் பயம்.

டீ முடிந்து மேசைக்கு வந்து நின்றாயிற்று, சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். இந்தப் பனியன் கம்பெனியில் எனக்கு வேலை செக்கிங். தைத்து வருகிற உடுப்பை, பீஸ் என்போம், மேசையில் விரித்து முன்னால் பார்த்து, பின்னால் பார்த்து, உள்ளே கைவிட்டுப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டி இடது பக்கம் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் வலது பக்கம் அடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். இப்போது ஓடுவது கைக்குழந்தை உடுப்பு, ஆறு மாதத்துக் குழந்தைக்கு, வெள்ளை. கைப்பகுதியில் என்னுடைய மூன்று விரல்தான் நுழையும். எந்த நாட்டுக் குழந்தையோ, அதற்குத் தோளில் ஒரு நூல் பிசிறு உறுத்தக் கூடாது என்பதற்காகத் திருப்பூரில் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள் என்று அதற்குத் தெரியவே போவதில்லை. தலைக்கு மேல் நான்கு ட்யூப் லைட், நிழல் விழாத வெளிச்சம், அதில் எதையும் மறைக்க முடியாது. எதிர் மேசையில் ஒச்சம்மா. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள், வாய் ஓயாது. "ஏத்தா துளசிமணி, நீ ஒருத்தி போதும்டி, டைலருக எல்லாம் ஊரவிட்டு ஓடிருவாய்ங்க. மாப்பிள பாக்கப் போனாக்கூட மாப்பிள மூக்குல ஒரு ஸ்டிக்கரு ஒட்டிட்டு வந்துருவ நீயி" என்று டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்தது சரியாக இருந்ததா, கொஞ்சம் தாமதமாகச் சிரித்துவிட்டேனோ, என் முகம் சுருங்கியதை அவள் பார்த்திருப்பாளோ, பார்த்திருந்தால் இனிமேல் என்னிடம் விளையாட்டாகப் பேசமாட்டாளோ. அவள் அதற்குள் மறந்து முறுக்கு தின்னப் போய்விட்டாள். நான் இன்னும் அங்கேயே நிற்கிறேன். விரித்தேன், புரட்டினேன், கழுத்துப் பட்டியில் லேசாக ஒரு சுருக்கம் மாதிரி, ஸ்டிக்கர், இடது பக்கம்.

என் மனசு ஒன்றைப் பிடித்தால் விடுவதில்லை. சின்னதிலிருந்தே அப்படித்தான். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். கணக்கு எனக்குத் தெரியும், வீட்டில் போட்டுப் பார்த்த கணக்குதான், ஆனால் சாக்பீஸை எடுத்ததும் முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று எப்படி நிச்சயமாகத் தெரியும். தெரியாது. இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பாவாடையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா, ஜடை அவிழ்ந்திருக்கிறதா, எண் தப்பா, எழுத்துத் தப்பா என்று நான் யோசித்துக்கொண்டே நின்றதில் கை ஓடவில்லை. "உக்காரு போ" என்றார் வாத்தியார், திட்டக்கூட இல்லை. மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு மறுநாளும் வயிற்றுவலி. அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள், அப்பா சாயங்காலம் வந்து "இன்னும் நோவுதா" என்று கேட்டார். இப்படியே பத்து நாள். பதினோராம் நாள் யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அத்தை மகளோடு பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க, டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற வேலைக்கு, போய்விட்டேன். எங்கள் வீட்டில் படிக்க வைக்க முடியாமல் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், என் வீட்டுக்காரரிடமும் அப்படித்தான் சொல்லிக் கட்டிக்கொண்டேன். உண்மை இதுதான், ஒரு சிரிப்பு, அதுவும் யாருக்கான சிரிப்பென்று தெரியாத ஒரு சிரிப்பு. அதைக் கட்டிக்கொண்டு முப்பத்தைந்து வருஷம். அன்றைக்கு யாராவது வந்து கூட்டிக்கொண்டு போயிருந்தால் நான் போயிருப்பேன். இல்லை, போயிருக்க மாட்டேன், கையை உதறிவிட்டு ஓடியிருப்பேன். இல்லை, போயிருப்பேன். விரித்தேன், புரட்டினேன், தோள் தையலில் ஒரு புள்ளி, நூலா அழுக்கா, ஸ்டிக்கர்.

நான் படுத்தது சிந்துஜாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது. ஒரு காரணமும் இல்லை, அதுதான் யாருக்கும் புரியவில்லை. யாரும் சாகவில்லை, யாரும் அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா, அவளைப் பட்டாம்பூச்சியாக வேஷம் கட்டச் சொன்னார்கள், நான்தான் இறக்கை தைத்தேன், மேடையில் ஒரு இறக்கை மட்டும் சரிந்து தொங்கியது. அவள் அதையே ஆட்டிக்கொண்டு ஆடினாள், கை தட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த இறக்கை அன்றையிலிருந்து நாலு மாதம் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒரு இறக்கை தைக்கத் தெரியவில்லை, நீ என்ன அம்மா. குழம்பில் உப்பு கூடிவிட்டது, நீ என்ன பொம்பளை. அவர் சோறு வேண்டாமென்றார், உன் மூஞ்சியைப் பார்த்தால் யாருக்குச் சோறு இறங்கும். முதலில் இந்தக் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு பதில் சொல்லத் தெம்பில்லை, பிறகு குரலும் இல்லை, சுவர் மட்டும் இருந்தது. சுண்ணாம்பு உரிந்து ஒரு ஆட்டுத்தலை மாதிரி தெரியும், அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் நல்ல மனுஷன். சாயப்பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து கோவைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் பெரியாஸ்பத்திரியில் காட்டினார். அங்கே ஒரு டாக்டரம்மா. நரைத்த தலை, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுவார். "ரெண்டு பேரு வாசல்ல நின்னு சிரிச்சா உங்களைத்தான் சொல்றாங்கன்னு தோணுமா?" ஆமாங்க. "நல்லது நடந்தா அது தானா நடந்தது, கெட்டது நடந்தா அது உங்களாலன்னு தோணுமா?" ஆமாங்க. "ஒரு வேலைய நூத்துக்கு நூறு செய்ய முடியலன்னா செய்யாமயே விட்டுரலாம்னு தோணுமா?" ஆமாங்க. எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிட்டு வெளியே வந்து, எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னால் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாரோ, ஒன்றிரண்டுக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாமோ என்று ஊர் வந்து சேரும் வரைக்கும் கவலைப்பட்டேன்.

மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்தார். கெட்ட நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, அது நிஜமா என்று பக்கத்தில் எழுத வேண்டும். எழுதினேன். எழுத்துப்பிழை இருந்தால் டாக்டரம்மா என்ன நினைப்பார் என்று பக்கத்து வீட்டுப் பையனின் அகராதியை வாங்கிப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் அதிகமாகிவிட்டது, அதனால் புது நோட்டு வாங்கி, என்னுடைய கெட்ட நினைப்பையெல்லாம் அழகாகப் பார்த்தெழுதி, ஓரத்தில் கோடு போட்டு, அட்டை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டரம்மா புரட்டிப் பார்த்தார். சிரித்தார், ரொம்ப நேரம் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "துளசிமணி, குணம் வேற, நோய் வேற. உங்க குணம் நோய் இல்ல. ஆனா நோய் வாசலுக்கு வந்தா, வா வான்னு பாய் விரிச்சுப் போடற குணம். அதைத் தெரிஞ்சு வெச்சுக்கங்க" என்றார். தெரிந்துவைத்துக்கொண்டேன். எழுந்தேன், சமைத்தேன், வேலைக்கு வந்தேன். ஆனால் அந்தக் குணம் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போகுமா என்று கேட்க விட்டுப்போனது. பதிமூன்று வருஷம் ஆயிற்று. போகும், ரத்தத்தில் போகுமோ என்னவோ, கண் வழியாகப் போகும். ஆறு வயதுக் குழந்தை நாலு மாதம் வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துப் படித்துக்கொண்டது.

பதினொன்றரை. இஸ்திரி மேசையிலிருந்து ஆவி கிளம்பி வருகிறது, ஈரத் துணி வேகும் வாசனை. போன் கீழே வாசலில் இருக்கிறது. எல்லோருடைய போனையும் உள்ளே வரும்போது பெட்டியில் போட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தால்தான் எடுக்கலாம். சாப்பாடு ஒரு மணிக்கு. சூப்பர்வைசர் சுபாஷிடம் கேட்டால் முன்னாலேயே கொடுப்பான், ஒச்சம்மா வாரத்துக்கு இரண்டு தடவை கேட்டு வாங்குகிறாள், பேரனுக்குப் பல் முளைத்ததற்கெல்லாம் வாங்குகிறாள். நான் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்டால், என்ன விஷயம் என்பான் சுபாஷ், சொன்னால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். பெண் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்று சொன்னால், தட்டி எழுப்புங்க்கா என்பான். அதைவிடப் பெரிதாகச் சொன்னால், சொன்னபடியே ஆகிவிட்டால். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. ஒன்றும் இருக்காது. எழுந்து தோசை சுட்டுச் சாப்பிட்டிருப்பாள், நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள். ஏறியிருக்க மாட்டாள். அவர் விடியுமுன்னே சாயப்பட்டறைக்குப் போய்விட்டார், வீட்டில் வேறு ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அம்சவேணியை எட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டுதான் இருந்தாள், "என்னக்கா, பொண்ணு லீவா" என்று அவளாகவே கேட்டாள், நான் "ஆமா, படிக்கறா" என்றேன். படிக்கிறாளாம். பொய் சொல்வதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விரித்தேன், புரட்டினேன், பட்டன் பக்கத்தில் துணி ஒரு இழுப்பு இழுத்த மாதிரி, ஸ்டிக்கர். இன்றைக்கு என் இடது பக்கம்தான் உயர்கிறது. மெஷின்காரர்கள் கவனம் இல்லாமல் தைக்கிறார்கள், இல்லை, நான் ஏதாவது விட்டுவிடுவேனோ, ஒரு பீஸ் தப்பாகப் போனால் மொத்த லாட்டும் திரும்பி வரும், துளசிமணி மேசையில்தான் போனது என்பார்கள். பார், நன்றாகப் பார்.

அந்தப் பூ. அதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வேறு வழியாகப் போகிறேன், கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. மூன்றாவது நோட்டை அவள் மூடிவைப்பதற்கு முன்னால் நான் பார்த்தேன். டம்ளரில் பால் ஆற்றிக்கொண்டு போய் நின்றேன். அவள் நிமிர்ந்து நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு ஒன்றை எனக்குக் காட்டினாள். அழகான பூ. இதழ் ஒவ்வொன்றிலும் நரம்பு, நடுவில் குழல், குழலின் நுனியில் மகரந்தம் புள்ளி புள்ளியாக. நான் என்ன சொன்னேன். நல்லா இருக்கு கண்ணு என்றேன். சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். என் கண் விடவில்லை, மேலிருந்து கீழே போயிற்று, வாய் கூடவே போயிற்று. "காம்பு மட்டும் லேசாச் சாஞ்சாப்ல இருக்குது" என்றேன். லேசா என்றுதான் சொன்னேன். அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள், ஆமா என்றாள், மூடினாள். கோபப்படவே இல்லை. ஆமா. அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாள், நான் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருந்த மாதிரி, யார் முதலில் சொல்கிறார்கள் என்று காத்திருந்த மாதிரி. பிறந்ததிலிருந்து நான் அந்தப் பெண்ணை நெற்றிப்பொட்டு நடுவில் இருக்கிறதா, பாவாடை ஓரம் சமமா, செருப்பை மாற்றிப் போட்டாளா, சொம்பை எங்கே வைத்தாள் என்று புரட்டிப் புரட்டித்தான் பார்த்திருக்கிறேன். பிரியத்தில்தான். ஊரில் யாரும் அவளை ஒன்று சொல்லிவிடக் கூடாது என்று நான் முதலில் சொன்னேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது.

"அக்கா, இது உங்க மேசைல போனதுங்களா?" சுபாஷ் வந்து நிற்கிறான், சூப்பர்வைசர், எனக்கு மகன் இருந்தால் அவன் வயது இருக்கும், சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. கையில் ஒரு கட்டு வெள்ளை பீஸ், எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு. எதையோ விட்டுவிட்டேன். "என்னுங்க தம்பி, தப்பு எதாச்சும் உட்டுட்டனா?" என்றேன். "உடலீங்க்கா. தைக்கற பக்கம் சரி பண்ண அனுப்பிச்சோம், என்னத்தச் சரி பண்றதுன்னு தெரியலன்னு டைலர் திருப்பி அனுப்பிட்டாரு. எங்க டேமேஜுன்னு கொஞ்சம் காட்டுங்க்கா." முதல் பீஸை எடுத்து விரித்தேன். அம்பு கழுத்துப் பட்டியைக் காட்டுகிறது. கழுத்துப் பட்டியில் ஒன்றும் இல்லை. விரலால் நீவினேன், வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன், உள்ளே கைவிட்டு மூன்று விரலை விரித்துப் பார்த்தேன். நல்ல துணி, நல்ல தையல். அடுத்தது. அம்பு தோளைக் காட்டுகிறது, தோளில் ஒன்றும் இல்லை. அடுத்தது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் விரித்தேன், பதினேழு. பதினேழும் நல்ல பீஸ். அம்புகள் எல்லாம் வெறும் வெள்ளைத் துணியைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒச்சம்மா எட்டிப் பார்த்தாள். "தம்பி, எங்க கண்ணுக்கெல்லாம் இருக்குற ஓட்டையே தெரிய மாட்டேங்குது, எங்காளு இல்லாத ஓட்டையவே புடிச்சுருக்கா. இவளுக்குச் சம்பளத்தக் கூட்டிக் குடுங்கய்யா." சுபாஷும் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை, சிரிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "ஏனுங்க்கா, மேலுக்குச் சொகமில்லீங்களா?" "ஒண்ணுமில்லீங்க தம்பி" என்றேன்.

சொன்ன பிறகுதான் கேட்டது. என் குரல்தான், ஆனால் நான் வேண்டி எடுத்துச் சொல்லவில்லை, வாசலில் அம்சவேணியிடம் வந்ததே அதே மாதிரி, தானாக வந்து நின்றது. காலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னதும் இதேதான். அவளிடம் நான் என்ன செய்தேன். கதவோரம் ஒரு நிமிஷம் நின்றேன், வண்டி ஹாரன் அடித்தது, சரி கண்ணு என்று கிளம்பி வந்துவிட்டேன். ஒன்றுமில்லை என்று அவள் சொன்னாள், ஒன்றுமில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். வெறும் துணியில் பதினேழு ஓட்டை கண்டுபிடிக்கிறவளுக்கு அது மட்டும் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. சுபாஷ் கட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான், இரண்டு எட்டு வைத்துவிட்டான். ஒரு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிஷம்தான், பொறுத்துக்கொள்ளலாம், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரோடும் போய் எடுத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. "தம்பி" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது, நாலு மேசை திரும்பிப் பார்த்தது. "என்னமோ இருக்குதுங்க தம்பி. எம்பொண்ணு ஒம்பது நாளா எந்திரிக்காமப் படுத்திருக்குது. எனக்குப் பயமா இருக்குது. போன் வேணும்." இவ்வளவுதான். பெரிதாகவும் இல்லை, சின்னதாகவும் இல்லை. "அட என்னங்க்கா நீங்க, காலைலயே கேக்கறதுக்கென்ன" என்றான் அவன், கொஞ்சம் கோபமாகக்கூட. ஒச்சம்மா என் கையிலிருந்த ஸ்டிக்கர் சுருளைப் பிடுங்கித் தன் மேசையில் போட்டாள். "போத்தா, நான் பாத்துக்கறேன், போ."

படிக்கட்டுக்குக் கீழே நூல்பெட்டிகள் அடுக்கியிருக்கிற மூலையில் நின்று போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எண்ணத்தை ஒரு சொல்லாகக்கூட ஆகவிடாமல் மறுபடி போட்டேன். ஐந்தாவது மணியில் எடுத்தாள். "ம்" என்றாள். அவ்வளவுதான், ஒரு ம், நான் அங்கிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் வாயில் மூன்று கேள்வி வரிசையாக நிற்கிறது, எந்திரிச்சியா, சாப்பிட்டியா, பன்னண்டரை பஸ்ஸைப் பிடிச்சா ஒரு மணிக்குள்ள நோட்டைக் குடுத்தறலாமே. மூன்றுக்கும் முனை இருக்கிறது. வேறு விதமாக அவளிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, பத்தொன்பது வருஷத்தில் பழகவில்லை. மூச்சு மட்டும் போய் வந்தது, அவளுடையதும் என்னுடையதும். "கண்ணு, நான் இன்னிக்கு நல்ல பீசுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிப்போட்டேன்" என்றேன். "எத்தனை?" என்றாள். "பதினேழு." "நீயாம்மா?" "நான்தான். எதையாச்சும் உட்டுருவனோன்னு பயம். பயத்துல பாத்தா எல்லாமே ஓட்டையாத் தெரிஞ்சுது." போனை மறு காதுக்கு மாற்றினேன். "அந்தப் பூவு" என்றேன், "அதுல நான் சொன்னது தப்பு சாமி." "தப்பு இல்லம்மா. காம்பு சாஞ்சுதான் இருக்குது." "சாஞ்சா சாஞ்சுட்டுப் போகுது. செடியில இருக்கற பூவு சாயாதா." அதற்கு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா, பிரித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்க்கவில்லை. "எனக்கு முடியலம்மா" என்றாள். "ஏன்னு கேக்காத." "கேக்கல." "நெசமாவே முடியல." "தெரியுது கண்ணு. எனக்கு ஒரு டாக்டரம்மாவைத் தெரியும். நாம போலாம், நானும் காட்டிக்கறேன், எனக்கும் வேணும். இப்ப நான் வீட்டுக்கு வர்றேன்." "வேலை?" "வர்றேன்." நோட்டைப் பற்றி அவளும் பேசவில்லை. பெட்டியை விட்டு எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தேன். அவள் குரல் எங்கேயோ அடைத்த இடத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது, அதைக் கேட்டுவிட்டேன். "சிந்து, எங்க இருக்கற?" "உள் ரூம்ல." "கதவு?" கேட்டுக்கு வெளியே வெயில், லாரி ஒன்று பின்னால் எடுத்துக்கொண்டிருக்கிறது, நான் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டேன். "தாழ் போட்டிருக்கேன்" என்றாள். "சரி. அதை மட்டும் போயித் தொறந்து விட்டுரு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம், தொறந்து விட்டுட்டு மறுபடி வந்து படுத்துக்க. நான் போனை வெக்கல." "இப்பவே வர்றியா?" "ரோட்டுல நடந்துட்டிருக்கேன், கேளு, லாரிச் சத்தம்." அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. பிறகு கட்டில் கிரீச்சிட்டது, தரையில் காலடி, மெதுவாக, ஒன்று, இன்னொன்று. எங்கள் வீட்டு உள்தாழ்ப்பாள் பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்ததிலிருந்து இறுகிக்கிடக்கிறது, கதவை முழங்காலால் அழுத்திக்கொண்டுதான் இழுக்க வேண்டும், தெம்பு வேண்டும் அதற்கு. ஒரு தடவை இழுத்தாள், வரவில்லை. நடுரோட்டில் நின்றுவிட்டேன். இன்னொரு தடவை இழுத்தாள். இரும்பு தேய்ந்து, தடக்கென்று விடுபட்ட சத்தம் காதில் விழுந்தது.